கப்பலேற ஒரு பெருவிரல்

அன்னாசி வெட்டுகிறவளுக்கு வலி முதலில் கையில் வராது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு முடிச்சு விழும். மத்தியானத்துக்குள் அது முழங்கைக்கு இறங்கிவிடும். வேலை விடும்போது விரல்கள் கத்திப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நிற்கும். ஒவ்வொன்றாக மற்ற கையால் நிமிர்த்திவிட வேண்டும். பாஸ்போர்ட் ஆபீஸில் அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டின் மேல் என் பெருவிரலை வைத்தபோதும் அது மடங்கித்தான் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து, தன் விரலால் என் விரலை அமுக்கினாள்.

"நல்லா அழுத்துங்கக்கா."

"அழுத்தித்தான் இருக்கேன்."

"அந்தக் கையக் குடுங்க."

அதையும் கொடுத்தேன். துணியால் தட்டைத் துடைத்தாள், என் விரலைத் துடைத்தாள், திரும்ப வைக்கச் சொன்னாள். மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கத்தியது.

"ரேகையே இல்லயேக்கா. வழவழன்னு கிடக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

"அன்னாசி ஆலை. வெட்டு மேசை."

"எத்தனை வருஷமா?"

"பதினேழு வயசுல உள்ள போனேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடையாள அட்டையில் இருந்த பிறந்த வருஷத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பொந்தியான் ஊரிலேயே பிறந்தவளாக இருக்க வேண்டும். அன்னாசிச் சாறு தோலைத் தின்னும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆலையில் கையுறை கொடுக்கிறார்கள்தான். போட்டுக்கொண்டால் பழம் வழுக்கும், அதன் மேல் இருக்கிற முள்ளுக் கண்களைத் தோண்ட வராது, கூடை நிறையாது. கூடைக்குத்தான் கூலி. கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வோம்.

"மேல எழுதி அனுப்பலாம். ஆனா எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு எப்ப வேணும்?"

"மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட் நம்பர் குடுக்கணும். எம்பொண்ணு கப்பல்ல இருக்கா."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. மூணு வாரம் ஈரத்துல கைய வைக்காதீங்க. கத்தி, சோப்பு, எலுமிச்சை எதையும் தொடாதீங்க. ராத்திரி வாசலின் போட்டு மூடிப் படுங்க. தோல் திரும்ப வளரும், ரேகையும் வரும். திங்கக்கிழமை வாங்க, கடைசி வாரத்துல. அதுக்குள்ள வெட்டினீங்கன்னா நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

வெளியே வந்தால் என் புருஷன் சுக்ரி மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பாஸ்போர்ட் உண்டு. காய்கறி லாரியில் சிங்கப்பூர் போய்வருகிறவர்.

"கிடைச்சுதா?"

"எனக்குக் கைரேகை இல்லயாம்."

"அடிப்பாவி, இது தெரிஞ்சிருந்தா எப்பவோ பேங்க்ல கொள்ளையடிச்சிருக்கலாமே" என்றார். சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் தோலை எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் மகள் ஹிதாயு அந்தக் கப்பலில் அறை சுத்தம் செய்கிறவள். சுற்றுலாக் கப்பல், ஒன்பது மாடி, உள்ளேயே நீச்சல் குளம். படுக்கை விரித்து, துண்டை யானை மாதிரியும் அன்னம் மாதிரியும் மடித்துக் கட்டில்மேல் வைப்பாள். வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வேலைக்காரர்களின் அப்பா அம்மாவுக்குக் கப்பல் கம்பெனி ஒரே ஒரு முறை டிக்கெட் தரும். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப நான்கு ராத்திரி. இந்தச் சுற்று முடிந்ததும் கப்பல் ஐரோப்பாப் பக்கம் போகிறது. அவளும் அதோடு போகிறாள். அதற்கப்புறம் எப்போது பார்ப்போம் என்று அவளுக்கே தெரியாது.

டிக்கெட் வந்த நாள் போன் திரையில் அவள் முகம் வீங்கியிருந்தது. நான் வழக்கம்போல என்ன கொண்டுவர என்று கேட்டேன். வறுத்த நெத்திலியா, மிளகாய்ச் சம்பாலா?

"ஒண்ணும் வேணாம்மா. நீ வா. வந்து நாலு நாள் என் கண்ணு முன்னாடி இரு, போதும்."

"என்னடி ஆச்சு?"

"வா, சொல்றேன்."

போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பாள். சின்ன வயசில் கால் எலும்பு முறிந்தபோதுகூட "ஒண்ணுமில்ல" என்று நொண்டிக்கொண்டு வந்தவள். கப்பலும் குளமும் யாருக்கு வேண்டும்? அவள் முகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு என் பெருவிரல் வேண்டும்.

மறுநாள் ஆலையில் மேஸ்திரியிடம் மூன்று வாரம் உலர்ந்த வேலை கேட்டேன். பழம் மலைமாதிரி வந்து குவிகிற பருவம். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"வெட்டு மேசையில இடம் காலியா இருக்கக் கூடாது, மிஸ்னா. யாராவது உன் இடத்துக்கு வந்தா நீ பெட்டி அறைக்குப் போ. எனக்கு ஆளு வேணும், அவ்வளவுதான்."

பெட்டி அறையில் இருந்தவள் பொனிரா. எனக்கு அடுத்த வீடு. அவளும் வெட்டுக்காரிதான். விரல் கணுவெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்து, சாறு படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் மாறியவள். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் போறேன் மேசைக்கு."

"உன் கை?"

"கை எங்க போயிடும்? மூணு வாரம்தான. உம்பொண்ண நானும் இடுப்புல தூக்கினவதாண்டி. போ, போய்ப் பெட்டி ஒட்டு. வளைச்சு ஒட்டாத, மேஸ்திரி திட்டுவான்."

அப்படித்தான் நான் உலர்ந்த பக்கம் போனேன்.

வீட்டில் சுக்ரி பாத்திரம் கழுவினார், அரிசி களைந்தார், துணி அலசினார். நான் இரண்டு கையிலும் வாசலின் தடவி, மேலே அவருடைய பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் பிழைப்பில் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே மகாராணி ஆயிட்ட. அங்க நாள் பூரா சாப்பாடு இருக்குமாம். நீ சமையக்கட்டுக்குள்ள புகுந்து சட்டி கழுவாம இருக்கணும், அதான் என் கவலை" என்றார்.

பயணத்துக்கு வேண்டியது ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. லாரி முதலாளியிடம் இரவல் வாங்கிய பெட்டி, ஒரு சக்கரம் ஓடாது. கப்பலில் ஒரு ராத்திரி எல்லாரும் நல்ல துணி உடுத்திச் சாப்பிட உட்கார வேண்டுமாம். அதற்கு ஒரு பச்சை உடுப்பு தைக்கக் கொடுத்தேன். வாந்தி மாத்திரை வாங்கினோம். நடுக்கடலில் எந்தத் திசை பார்த்துத் தொழுவது என்று சுக்ரி பள்ளிவாசலில் போய்க் கேட்டுவந்தார். எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் பெருவிரலை அழுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. முதலில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு. அப்புறம் ஓரத்தில் இரண்டு மூன்று கோடு. மூன்றாவது வாரம் ஈர மணலில் நண்டு நடந்த தடம் மாதிரி நடுவிலும் தெரிய ஆரம்பித்தது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சொந்த விரலைப் பார்த்து அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பொனிரா தினமும் மாலையில் வேலிப்பக்கம் வந்து கேட்பாள். "வந்துச்சாடி கோடு?"

"வருது. உன் கையக் காட்டு."

"என் கையில என்ன இருக்கு பாக்க?" என்று முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

அவளுடைய ஒரே மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். திங்கள் எனக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ். சனிக்கிழமை ரெவாங்.

எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையலுக்குக் கூலி ஆள் வைப்பதில்லை. முந்தின நாள் ஊரே வந்து உரித்து, அரைத்து, வெட்டி, கிளறிக் கொடுத்துவிட்டுப் போகும். அதுதான் ரெவாங். பணம் கொடுக்காவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். ரெவாங்குக்கு வராதவள் வீட்டில் நாளைக்கு நல்லது கெட்டது நடந்தால் அடுப்பு மூட்டக்கூட ஒரு ஆள் எட்டிப்பார்க்காது.

நான் காலையிலேயே போய்விட்டேன். போகாமல் இருப்பதா? கையில் மட்டும் வெள்ளைத் துணிக் கையுறை. வாழையிலை துடைத்து அடுக்குவது, கரண்டி எண்ணுவது, சம்பந்தி வீட்டுக்குச் சீராகக் கொடுக்கும் அவித்த முட்டையைக் கட்டுவது மாதிரி உலர்ந்த வேலையாகப் பார்த்துச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பந்தலுக்குள் கால் வைத்ததும் ஹாஜியம்மா ருபியா வெங்காயக் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். எல்லா ரெவாங்கிலும் வேலை பிரித்துக் கொடுக்கிறவள் அவள்தான்.

"வாங்க, கப்பல்காரம்மா! கையுறையோட வந்திருக்கீங்க, இங்க யாருக்கு ஆப்பரேஷன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"திங்கக்கிழமை வரைக்குந்தான் ஹாஜியம்மா. ரேகை எடுக்கணும்."

"எடுக்கட்டும், எடுக்கட்டும். நாங்கள்லாம் ரேகையோடயா பொறந்தோம்? எங்களையும் கூட்டிக்கிட்டுப் போடி, உன் பெட்டியத் தள்ளிக்கிட்டு வரோம்."

"அந்தப் பெட்டிய தள்ள முடியாது, தூக்கத்தான் முடியும்" என்றேன். அதற்கும் சிரிப்பு. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு ஒரு வண்டியில் அன்னாசி வந்து இறங்கியது. பஜ்ரிக்கு. தேங்காய்ப் பாலும் மசாலாவும் போட்டு அன்னாசியைப் பெரிய வட்டமாக வேகவைப்பது. அது இல்லாமல் பொந்தியானில் கல்யாணச் சாப்பாடு இல்லை. மத்தியானத்துக்குள் தோல் சீவி, கண் எடுத்து, உப்பில் பிசறி வைத்தால்தான் சாயங்காலம் அடுப்பில் ஏறும். மற்ற வெட்டுக்காரிகள் எல்லாரும் ஆலையில். பழப் பருவத்தில் வெட்டு மேசைக்குச் சனிக்கிழமை விடுப்பு கிடையாது, பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பந்தலில் வெட்டுக்காரி என்று இருந்தது இரண்டே பேர். பெட்டி அறைக்கு அன்று வேலை இல்லாததால் நானும், மகள் கல்யாணம் என்று விடுப்பு வாங்கிய பொனிராவும்.

ஹாஜியம்மா கத்தியை எடுத்து, பிடிப்பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி பாயில் வைத்தாள்.

"மிஸ்னா இருக்கும்போது வேற யாரு தொடறது? ஒரு மணி நேர வேலை அவளுக்கு."

நான் கையுறையைப் பார்த்தேன். இஞ்சி இடிக்கிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பொனிரா நிமிர்ந்தாள். அவள் விரல்களை அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் குறுக்கே ஒரு பிளவு, சிவந்த உதடு மாதிரி. என் மூன்று வாரம் அங்கே இருந்தது.

வலது கையுறையைக் கழற்றினேன். கழற்றிக் கத்தியை எடுத்தும் விட்டேன். பிடி எனக்குப் பழகிய பிடி, விரல் தானாக மடங்கியது. இடது கையால் பழத்தைப் பிடித்து நிறுத்தினேன். ஒரே ஒரு சீவல் சீவினால் போதும், அப்புறம் கை நிற்காது. அது எனக்கே தெரியும்.

மடியில் இருந்த போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. ஹிதாயு.

"அம்மா, திங்கக்கிழமை கண்டிப்பா கிடைச்சுடுமில்ல? செவ்வாக்கிழமை காலையில பேர் லிஸ்ட மூடிடுவாங்களாம். கேட்டுப் பாத்துட்டேன், ஒரு நாள்கூடத் தரமாட்டாங்க. அம்மா? அம்மா, கேக்குதா? கிடைச்சுடுமில்லம்மா?"

"கிடைச்சுடும்."

போனை வைத்தேன். கத்தியையும் பாயில் வைத்தேன்.

"என்னால முடியாது ஹாஜியம்மா."

பந்தலில் உரல் சத்தம்கூட நின்றது.

"என்னது?"

"வெட்ட முடியாது. வேற எதுன்னாலும் சொல்லுங்க. அரிசி மூட்டை தூக்கறேன், விறகு பிளக்கறேன்."

"விறகு பிளக்க ஆம்பிளைங்க இருக்காங்க" என்றாள் ஹாஜியம்மா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "மூணு வாரமா உனக்குப் பதிலா மேசையில நிக்கறது யாரு? அவ வீட்டுப் பழம்டி இது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தெரிந்துதான். தெரியாமல் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்க வெட்டறோம், விடுங்க" என்று இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருத்தி முதல் பழத்தைப் பாதியாகச் சீவித் தள்ளினாள், தோலோடு சதையும் போனது. பொனிரா எழுந்து வந்தாள். சீவியவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு, என் முன்னால் இருந்த பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். கல்யாணப் பெண்ணின் அம்மா ரெவாங்கில் கத்தி எடுத்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவள் வேலை வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரிப்பது.

முதல் பழத்திலேயே சாறு பிளவுக்குள் இறங்கியது. அவள் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. தோல் சுருள் சுருளாக விழுந்தது, கண்கள் வரிசையாக வந்தன. பழத்தில் வீணாக ஒரு துண்டு இல்லை. வெட்டிய வட்டங்களில் சிலது சிவப்பாக இருந்தது. அவள் அதைத் தனியே எடுத்துக் கழுவிப் போட்டாள்.

"பொனிரா" என்றேன்.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள். தலை நிமிரவில்லை. "வெயில் ஏறுது. வேர்த்தா தோல் ஊறிடும். போய்க் கைய மூடிக்கிட்டு படு."

கோபமாகச் சொன்னாளா, அக்கறையாகச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் போய்விட்டேன். கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்க, பந்தலைக் கடந்து, வேலியைச் சுற்றி என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உரல் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. யாரோ எதையோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. என்னைப் பற்றித்தான் என்று வைத்துக்கொண்டேன். எழுந்து ஜன்னலில் விரலை அழுத்திப் பார்த்தேன். கோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கும் போனேன். மணமக்கள் மேடையில் இருந்தார்கள். பெற்றவள் முதலில் ஏறி, மணப்பெண்ணின் உள்ளங்கையில் மருதாணி தொட்டு வைத்து வாழ்த்த வேண்டும். பொனிராவின் பத்து விரலிலும் துணிக்கட்டு. மருதாணியை விரலில் எடுக்க வரவில்லை. கட்டின் முனையை நனைத்துத் தொட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் தலையைக் குனிந்து அழுதாள். கல்யாணப்பெண் அழுவது வழக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

பந்தியில் என் இலையிலும் பஜ்ரி வைத்தார்கள். தின்றேன். வைத்துவிட்டு எழுந்தால் அதையும் பேசுவார்கள்.

திங்கள் காலையில் அதே கவுண்டர், அதே பெண். இடது பெருவிரல் ரேகை விழவில்லை. இரண்டாவது முறையும் விழவில்லை. சுக்ரி பின்னால் நின்று ஏதோ ஓதினார். வலது பெருவிரலை வைத்தேன். மெஷின் கத்தியது. அவள் என் விரலில் வாயால் ஊதி, தன் துப்பட்டா ஓரத்தால் துடைத்து, மறுபடி வைத்துத் தன் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடாதீங்கக்கா. மூச்சு விடாதீங்க."

மெஷின் கத்தவில்லை. திரையில் பச்சையாக ஏதோ வந்தது. "விழுந்துடுச்சு" என்றாள். சுக்ரி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கே பாஸ்போர்ட் கையில் வந்தது. படம் எடுத்து ஹிதாயுவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அழுகைதான் கேட்டது. சுக்ரி போனை வாங்கி, "அடி, அழாத, உங்கம்மா பச்சை உடுப்பு தைச்சிருக்கா, தவளை மாதிரி இருப்பா, பாத்துச் சிரிக்கலாம்" என்று ஏதேதோ சொன்னார்.

இப்போது பெட்டி கட்டியாகிவிட்டது. தலைவலிக்கு எண்ணெய், மாத்திரை, பச்சை உடுப்பு, அவள் வேண்டாம் என்ற சம்பால். ஊரை விட்டுப் போகிறவர்கள் வீட்டில் அக்கம்பக்கம் கூடித் துஆ ஓதி அனுப்புவது வழக்கம். சோறு ஆக்கி வைத்தேன். பள்ளிவாசல் ஆட்கள் நாலு பேர் வந்து ஓதி, தின்றுவிட்டுப் போனார்கள். பெண்கள் பக்கத்துப் பாய் விரித்தது விரித்தபடி கிடந்தது.

நான் ஒரு தட்டில் சோறு எடுத்துக்கொண்டு பொனிரா வீட்டுக்குப் போனேன். டாக்டர் அவளை இனி ஆலைக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்ததும் உனக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"என்ன செய்வ? எனக்கு இருந்தது ஒரு பொண்ணு. கட்டிக்குடுத்தாச்சு."

"மன்னிச்சுடு பொனிரா."

"நான் என்ன மன்னிக்கறது? உன் இடத்துல இருந்தா நானும் கத்தியக் கீழ வச்சிருப்பேன். வச்சிருப்பேன்னுதான் நினைக்கறேன்." கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா நீ என் கையப் பாத்துட்டுதான் வச்ச. அதான் மனசுல நிக்குது."

தட்டை உள்ளே வைக்கச் சொன்னாள். வைத்தேன். திரும்பும்போது, "அங்க போய் உம்பொண்ண நல்லாத் தூங்க வை" என்றாள்.

நாளை காலையில் கப்பல். ரெவாங் கடனைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டில் இன்னொரு நல்ல காரியம் நடக்க வேண்டும். பொனிராவுக்கு இனி அப்படி ஒன்று வராது. அடுத்து அந்த வீட்டுக்கு ஊர் கூடி அடுப்பு மூட்டுவது ஒரு சாவுக்குத்தான். பொனிராவுக்கு நான் ஒரு நாள் ரெவாங் பாக்கி.